உப்புநீரில் ஒரு வருஷம், மூளையில் எட்டு வருஷமா?

மூளைக்குள் வைக்கும் பாலிமர் எலக்ட்ரோடு பற்றிய கட்டுரைகளில் 'இத்தனை வருஷம் தாங்கும்' என்று ஒரு எண் வரும். அது எங்கிருந்து வருது என்று பார்த்தால், பல நேரம் ஒரு உப்புநீர்ப் பாத்திரத்திலிருந்து.

பாலிஇமைடு படலத்தையோ பாரிலீன்-சி பூச்சையோ 67 டிகிரி உப்புக்கரைசலில் ஊற வைப்பார்கள். 10 டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் இரட்டிப்பாகும் என்று கணக்கு. உடல்வெப்பம் 37. ஆக 2×2×2, எட்டு மடங்கு. ஒரு வருஷம் ஊறினால் எட்டு வருஷம்!

தண்ணீர் மட்டுமே எதிரி என்றால் கணக்கு ஓரளவு சரி. ஆனால் மூளையில் நோயெதிர்ப்பு செல்கள் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றை உமிழும். மூச்சுக்கும் இதயத்துடிப்புக்கும் மூளை அசையும். சுற்றிலும் தழும்புத்திசு வளரும்.

2013இல் பாரெஸ் குழு, 27 குரங்குகளில் வைத்த 78 எலக்ட்ரோடு வரிசைகளை அலசியது. அவை சிலிக்கான்தான், ஆனாலும் பாடம் பொருந்தும். 62 முற்றிலும் செயலிழந்தன. அதில் பாதிக்கு மேல் ஓராண்டுக்குள். இயந்திரக் கோளாறுகளில் பெரும்பகுதி கனெக்டரில்! பாத்திரத்தில் ஊறும் படலம் இதை எப்படிச் சொல்லும்?

நம்ம பாஷையில சொன்னா, ஸ்டேஜிங்ல ஓடினதை வெச்சு புரொடக்ஷனுக்கு உத்தரவாதம் கொடுக்கிற மாதிரி. இங்கே ரோல்பேக் கிடையாது. கை கால் அசையாத ஒருவரின் மண்டையோட்டை மறுபடி திறக்கணும்.

சோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. பெராக்சைடு சேர்த்துச் சோதிக்கும் முறை 2015லேயே வந்துவிட்டது. குறைந்தபட்சம், 'எட்டு வருஷம்' என்று போடாமல் '67 டிகிரி உப்புநீரில் ஒரு வருஷம்' என்றே எழுதட்டும். மிச்சக் கேள்வியை நாம கேட்டுக்கலாம்.