கல்முனைப் பள்ளிவாசலும் மண்டபம் முகாமும்

அகதிகள் நிலை குறித்த 1951ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இலங்கையும் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இரு நாட்டிலும் இல்லை. வீடிழந்து வந்து நிற்பவருக்கு யார் இடம் கொடுப்பது, எத்தனை நாளைக்குக் கொடுப்பது என்பதெல்லாம் அந்தந்த மண்ணின் வழக்கப்படியே தீர்ந்திருக்கிறது. இலங்கையின் கிழக்கே அம்பாறைக் கரையில் அந்தப் பொறுப்பு முதலில் பள்ளிவாசலின் தலையில் விழுந்தது. தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனது.

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று கடலோரமாக நீளும் முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசல் தொழுகைக்கு மட்டும் உரிய இடமல்ல. கந்தூரிக்குச் சமைக்கும் பெரிய கிடாரங்களும், பலர் சுற்றியிருந்து உண்ணும் சகன்களும், வுழூச் செய்யத் தண்ணீரும் அங்கே எப்போதும் உண்டு. நூற்றுக்கணக்கானோருக்குச் சோறாக்கும் கை ஊரில் பழகிய கை. பள்ளிவாசலின் நம்பிக்கையாளர் சபையில் தாய்வழிக் குடி ஒவ்வொன்றுக்கும் ஒரு மரைக்கார் இருப்பது இக்கரையின் பழைய முறை. எந்த வீட்டில் எத்தனை பேர், எவர் விதவை, எவர் நோயாளி என்பது அவருக்கு மனப்பாடம். அதனால் பட்டியல் எழுதும்வரை எவரும் பசியோடு காத்திருக்க வேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை சுனாமியாகக் கடல் ஊருக்குள் புகுந்தது. இலங்கையில் ஆகக் கூடுதலானோர் இறந்தது அம்பாறை மாவட்டத்தில்; தொகை பத்தாயிரத்தைத் தாண்டியது. கரையோரப் பள்ளிவாசல்களும் சேதமாயின. தப்பியவர்கள் வயல்வெளியைக் கடந்து மேற்கே சம்மாந்துறைப் பக்கம் ஓடினார்கள். அங்கே பள்ளிவாசல், பாடசாலை, வீடு எல்லாமே திறந்திருந்தன. உள்ளே தள்ளியிருந்த சிங்களக் கிராமங்களிலிருந்தும் சாப்பாட்டுப் பார்சல்கள் வந்தன. அரசின் வாராந்த நிவாரணம் ஆளுக்கு 375 ரூபாய், ஒரு பகுதி காசாகவும் மறுபகுதி உலர் உணவாகவும். அது கிராம சேவகரின் பட்டியல் வழியாகப் பிறகுதான் வந்து சேர்ந்தது. அதுவரை சமைத்ததும், ஜனாஸாக்களை அடக்கியதும், காணாமற்போனவரைத் தேடியதும் ஊர்தான். கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் பிற ஆண்கள் பாராமல் மறைவில் இத்தா இருக்க வேண்டும். வகுப்பறையில் சேலை கட்டி மறைத்த மூலையில் அது எப்படி நடக்கும்? அவளுக்காக உறவுக்காரர் வீட்டில் ஓர் அறை ஒழித்துக் கொடுப்பது எந்த நிவாரணப் பட்டியலிலும் வராத உதவி.

இந்த உதவிக்கு ஓர் எல்லையும் இருந்தது. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது தமிழர் கோயிலையும் முஸ்லிம்கள் பள்ளிவாசலையும் நோக்கிப் பிரிந்து ஓடினார்கள். முஸ்லிம் ஊரான கல்முனைக்குடிக்கும் தமிழ் ஊரான பாண்டிருப்புக்கும் இடையே நடந்து போகிற தூரம்தான். ஆனாலும் மற்றவர் முற்றத்தில் ஒதுங்க அன்று பலருக்குத் துணிவு வரவில்லை.

கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேறுகிறது. தமிழ்நாட்டிலுள்ள அந்த நாகூரையும் 2004 டிசம்பர் 26 அன்றே கடல் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாகூர் தர்கா மதம் பாராமல் பிணங்களை அடக்க நிலம் கொடுத்தது, தப்பியவர்களுக்கும் இடம் கொடுத்தது. முதல் நாட்களில் இரு கரைகளும் ஒன்றாகவே நடந்துகொண்டன. வீடு கட்டும்போதுதான் வழி பிரிந்தது. புது வீட்டைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிய வேண்டுமென்று தமிழ்நாட்டில் 2005 மார்ச்சில் அரசாணை வந்தது. அம்பாறைக் கரையிலோ வீடென்பதே பெண்ணுடையது: பெற்றோர் மகளுக்குக் கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். அப்படிப்பட்ட ஊரில் பல நிவாரண வீடுகள் குடும்பத் தலைவர் என்று ஆண் பெயரில் எழுதப்பட்டது பெரும் அநியாயம். கரையிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக்கூடாதென்ற விதி பின்னர் கல்முனைப் பக்கம் 65 மீட்டராகக் குறைந்தது; அதற்குள் நெருக்கமான சாய்ந்தமருதில் மாற்றுக் காணிக்கு அலைந்தவர்கள் களைத்துப் போனார்கள். அக்கரைப்பற்றுக்கருகே நுரைச்சோலையில் சவூதி உதவியில் எழுந்த 500 வீடுகள், பௌத்தத் தலமான தீகவாபியின் பகுதியில் முஸ்லிம்களைக் குடியேற்றுவதற்கு எழுந்த எதிர்ப்பாலும் உச்ச நீதிமன்ற வழக்காலும் பல ஆண்டுகள் ஆளில்லாமல் காடு மண்டிக் கிடந்தன.

தமிழ்நாட்டின் முறை இலங்கையின் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் உருவானது. தனுஷ்கோடி மணல்திட்டில் படகோட்டி இறக்கிவிட்டுப் போனால், விசாரணை, பதிவு, மண்டபம் முகாம், பிறகு வேறொரு மாவட்ட முகாம் என்று வழி ஒழுங்காக இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய ஆங்கிலேயர் காலத்தில் தொற்றுத் தடுப்புக்காக அமைந்தது அந்த மண்டபம் முகாம். 2021 கணக்கில் நூற்றுச் சொச்சம் முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேரும், வெளியே காவல் நிலையப் பதிவோடு 34,000 பேரும் இருந்தனர். அவ்வாண்டு மாதப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500, பெரியவருக்கு 1,000, சிறுவருக்கு 500 ரூபாயாக உயர்ந்தது. நாற்பது ஆண்டு அறுபடாத உதவி எந்த ஜமாஅத்தாலும் தர முடியாதது. அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு: ஆள் சரிபார்ப்பு நாளில் முகாமில் நிற்காவிட்டால் பெயர் கேள்விக்குள்ளாகும், தொலைவில் வேலைக்குப் போகிறவருக்கு இது தீராத தொல்லை.

அந்த முகாமுக்குள் சமூக உதவியைக் கொண்டுவந்தவர்கள் அகதிகளே. இலங்கைத் தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தின் மகன் எஸ்.சி. சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் மாலை வகுப்பு, சுகாதாரத் தொண்டர், பெண்கள் சேமிப்புக் குழு என்று முகாம்தோறும் வேர்விட்டது. பட்டதாரிகள் ஆயிரக்கணக்கில் உருவானார்கள். படித்தும் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இவர்களைச் சேர்க்கவில்லை. சாய்ந்தமருதில் வீடிழந்தவர் வாக்காளராகவே இருந்தார், பிரதேச செயலகத்தில் சண்டையாவது பிடித்தார். கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த வாக்கும் இல்லை.

இனமும் மொழியும் வேறான அகதி வரும்போது இரு முறைகளும் மெலிகின்றன. சென்னைக்கருகே கேளம்பாக்கத்தில் மியன்மாரிலிருந்து வந்த ரோஹிங்கியாக் குடும்பங்கள் பல ஆண்டுகளாகப் புயல் பாதுகாப்புக் கட்டடம் ஒன்றில் வாழ்கின்றன. 2017இல் கொழும்புக்கருகே கல்கிசையில் ரோஹிங்கியாக்கள் தங்கியிருந்த வீட்டைக் கும்பலொன்று தாக்கியது. ஆனால் 2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்களுடன் படகொன்று முள்ளிவாய்க்கால் கரையை அடைந்தபோது ஊர் மக்கள் உணவோடு வந்தார்கள். அரசு அந்த அகதிகளை விமானப்படை முகாமில் வைத்தது. திருப்பி அனுப்பக் கூடாதென்று 2025 ஜனவரியில் முல்லைத்தீவில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். ஐ.நா. அகதிகள் ஆணையகத்தின் அட்டை கிடைத்தாலும், மூன்றாம் நாடொன்று ஏற்கும்வரை, இலங்கையில் அவர்களுக்குச் சட்டப்படி வேலை செய்யும் உரிமை கிடையாது.