யாத்திரிகனின் கைச்சுருள்
(ஜான் பன்யன் கதையில் மனந்திரும்புதலும் மீட்பின் நிச்சயமும்)

தோற்றுவாய்

கிறித்தவ சமயக் கோட்பாடுகளுள் மூன்று ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை. பாவத்தை உணர்ந்து மனந்திரும்புதல் ஒன்று. மீட்பர்பால் வைக்கும் மெய்யான விசுவாசம் மற்றொன்று. தான் மீட்கப்பட்டவன் என்று உள்ளம் கொள்ளும் நிச்சயம் பிறிதொன்று. முதலிரண்டும் வேண்டும் என்பதில் திருச்சபைகளுக்குள் பிணக்கில்லை. மூன்றாவதே நெடிய வழக்குக்கு இடமாயிற்று. 1547-ஆம் ஆண்டில் திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்கப் பொதுச்சங்கம், இறைவன் தனியே வெளிப்படுத்தினாலன்றி ஒருவன் தன் கடைத்தேற்றத்தைப் பிழையா உறுதியோடு கூறுதல் தகாது என்றது. சீர்திருத்தச் சபையின் ஆசான் கால்வினோ, ஐயத்தோடு போராடினும் விசுவாசம் தன்னியல்பில் உறுதியுடையதே என்றார். 1646-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வகுக்கப்பெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, உறுதி எய்தத்தக்கதே. ஆயினும் மெய்விசுவாசியும் அதற்காக நெடுங்காலம் காத்திருக்க நேரலாம் என்று அமைதி கண்டது.

சமய வல்லுநர் ஏடுகளில் அடங்கிக் கிடந்த இவ்வழக்கைப் பாமரரும் உணரும் கதையாக்கியவர் ஜான் பன்யன். 1678-இல் வெளிவந்த அவரது நூலின் முதற்பகுதியும் 1684-இல் வெளிவந்த இரண்டாம் பகுதியும் தமிழில் 'மோட்ச பிரயாணம்' என்னும் பெயரால் அறியப்பட்டவை. நாசநகரை விட்டு வானகர் நோக்கி நடக்கும் ஒருவனின் பயணக் கதை இது. உறுதியோடு பேசுவோர் எல்லாரும் உறுதி பெற்றவர்தாமா என்னும் வினா இக்கதையின் உயிர்நாடியாய் ஓடுகின்றது.

ஆசிரியரின் உள்ளப் போர்

1628-இல் பெட்ஃபோர்டு நகருக்கு அண்மையிலுள்ள எல்ஸ்டோ என்னும் சிற்றூரில், ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிடும் எளிய குடும்பத்தில் பன்யன் பிறந்தார். அரசின் இசைவின்றிச் சமயவுரை ஆற்றிய குற்றத்துக்காக 1660 முதல் 1672 வரை சிறையில் இருந்தார். 1666-இல் அவர் வெளியிட்ட தன்வரலாறு அவரது உள்ளப் போரை ஒளிவுமறைவின்றி உரைக்கின்றது.

இளமையில் அவர் ஆணையிடுதலையும் விளையாட்டையும் விட்டொழித்தார். அயலார் அவரைத் திருந்தியவர் என்று புகழ்ந்தனர். அப்புகழில் அவரும் மகிழ்ந்தார். ஒருநாள் பெட்ஃபோர்டு தெருவில், வாயிற்புறத்தே வெயிலில் அமர்ந்து இறைவனைப் பற்றி உரையாடிக்கொண்டிருந்த ஏழைப் பெண்டிர் சிலரைக் கண்டார். தம் நெஞ்சின் சிறுமையையும் தம்மைத் தேடிவந்த அருளின் பெருமையையும் அவர்கள் பேசினர். தாம் கொண்டிருந்த திருத்தம் வெறும் ஒழுக்கப் போர்வையே என்பது அவருக்கு அன்று விளங்கிற்று. பின்னர்க் கிறிஸ்துவை விற்றுவிடு என்னும் தீய எண்ணம் அவர் உள்ளத்தை ஓயாது அலைக்கழித்தது. ஒரு கணம் அதற்கு இணங்கிவிட்டதாக எண்ணி, கண்ணீர் விட்டும் ஆசியை இழந்த ஏசாவின் கதியே தமக்கும் என்று நெடுநாள் துடித்தார். தம் நீதி தம் மனநிலையில் இல்லை, வானிலிருக்கும் கிறிஸ்துவே தம் நீதி என்னும் தெளிவு வயல்வெளியில் நடந்து செல்கையில் பிறந்தபோதுதான் அவருடைய தளைகள் அற்றன. இத்தெளிவே அவரது கதைக்கு வித்து எனலாம்.

ஒரே மலையில் இருவகைத் திரும்புதல்

தமிழ்க் கிறித்தவர் வழங்கும் 'மனந்திரும்புதல்' என்னும் சொல்லிலேயே ஒரு வழிப்பயணம் அடங்கியுள்ளது. திரும்புதல் என்றால் எங்கிருந்து, எதை நோக்கி என்னும் வினாக்கள் உடன் எழுகின்றன. பன்யன் கதையிலும் பலர் திரும்புகின்றனர். ஆயினும் அனைவரும் ஒரே திசையில் திரும்பவில்லை.

கதைத்தலைவனுடன் புறப்பட்ட இளகிய மனத்தான் ஒருவன், அவநம்பிக்கைச் சேற்றில் கால் புதைந்த அளவிலேயே வெகுண்டு வீடு திரும்புகிறான். அவன் நாடியது வானகரின் இன்பம் மட்டுமே. தன் பாவம் அவனுக்குச் சுமையாய்த் தோன்றியதே இல்லை. ஆதலால் அவன் முதுகில் மூட்டையும் இல்லை. கதைத்தலைவனோ முதுகில் மூட்டையைச் சுமந்தே நடக்கிறான். சிலுவையைக் கண்ட இடத்தில் அம்மூட்டை தானே அவிழ்ந்து விழுந்து கல்லறைக்குள் உருண்டு மறைகின்றது. அங்கே அவனுக்கு முத்திரையிட்ட சுருள் ஒன்று வழங்கப்படுகின்றது. அச்சுருளே மீட்பின் நிச்சயத்துக்கு ஆசிரியர் அமைத்த உருவகம்.

கடினமலையின் நடுவே இளைப்பாறுமிடத்தில் அவன் உறங்கிப்போகிறான். சுருள் கைந்நழுவி விழுகின்றது. அதனை அறியாமலே எழுந்து மலையுச்சிக்கு ஓடுகிறான். அங்கே அச்சமுடையோர் இருவர் சிங்கங்களுக்கு அஞ்சித் திரும்பி ஓடிவருகின்றனர். அந்நேரம் மடியைத் தடவிப் பார்த்தபோதுதான் சுருள் இல்லை என்பதை அவன் உணர்கிறான். அவனும் திரும்புகிறான். ஆனால் ஓடிய இருவரும் உயிரைக் காக்கத் திரும்பினர். இவனோ இழந்ததைத் தேடி, தன் உறக்கத்தை நொந்து அழுதவாறு திரும்புகிறான். ஒரே மலை, ஒரே பாதை, ஒரே பொழுது. எனினும் ஒரு திரும்புதல் ஓட்டம், மற்றொன்று மனந்திரும்புதல். ஆண்டவரை மறுதலித்த பேதுருவும் காட்டிக்கொடுத்த யூதாசும் இருவருமே வருந்தினர்; ஒருவர் வருத்தம் ஆண்டவரிடம் மீட்டுக் கொணர்ந்தது, மற்றவர் வருத்தம் அழிவில் முடிந்தது. அவ்வேறுபாட்டையே கதையாசிரியர் மலைப்பாதையில் வரைந்து காட்டுகிறார்.

ஈண்டு மற்றொரு நுட்பமும் கருதத்தக்கது. சுருளை இழந்த வேளையில் அவன் மூட்டை மீண்டும் முதுகில் ஏறவில்லை. உறுதி நழுவிற்று, மீட்பு நழுவவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை இலக்கணமாய் வகுத்ததை இக்காட்சி இலக்கியமாய் விளக்குகின்றது.

மடியில் இருந்த திறவுகோல்

அவநம்பிக்கை அரக்கனின் ஐயக்கோட்டையில் கதைத்தலைவனும் அவன் தோழனும் புதன் காலை முதல் சனி இரவு வரை அடைபட்டுக் கிடக்கின்றனர். உயிரை மாய்த்துக்கொள்ளுமாறு அரக்கன் தூண்டுகிறான். இருவரும் இரவெல்லாம் இறைவனை வேண்டி நிற்க, விடியலுக்குச் சற்று முன்னர், வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தன் மடியிலேயே இருப்பது கதைத்தலைவன் நினைவுக்கு வருகின்றது. புதிய அருள் எதுவும் வானினின்று இறங்கவில்லை; முன்னரே அருளப்பட்டது நினைவுக்கு வந்தது, அவ்வளவே. இறுதி இரும்புக் கதவின் பூட்டோ எளிதில் திறக்கவில்லை. கடுமுயற்சிக்குப் பின்னரே இணங்கிற்று. ஐயத்தை நீக்கும் ஆற்றல் உணர்ச்சிக்கு இல்லை, வாக்குக்கே உண்டு என்பது இதனால் பெறப்படும்.

அறியாமையும் அச்சமும்

கதை முழுதும் ஒருபொழுதும் ஐயுறாதவன் ஒருவன் உளன். அவன் பெயர் அறியாமை. ஒடுக்கமான வாயில் வழியே நுழையாமல், வளைந்த சந்து வழியே பாதைக்கு வந்தவன். தன் நெஞ்சம் தீயது என்பதை அவன் ஒப்புவதில்லை. தன் நல்வாழ்வும் நல்லெண்ணமும் போதும் என்கிறான். மரண ஆற்றையும் வீண்நம்பிக்கை என்னும் ஓடக்காரனின் உதவியால் எளிதில் கடக்கிறான். அதே ஆற்றில் கதைத்தலைவனோ மூழ்கித் தத்தளிக்கிறான். தோழன் அவன் தலையைத் தாங்கிப் பிடித்தே கரை சேர்க்கிறான். இருந்தும் வானகர் வாயிலில் சான்றுச் சுருளைக் கேட்டபோது அறியாமை மடியைத் துழாவி வாய்மூடி நிற்கிறான். வாயிலிலிருந்தே நரகின் வழிக்குக் கொண்டுசெல்லப்படுகிறான்.

இம்முடிவு கொடிது என்போர் உளர். வன்சொல் பேசாத, யாருக்கும் தீங்கிழைக்காத இளைஞனை வாயில்வரை நடத்திவந்து வீழ்த்துவது அறமோ என்று அவர்கள் வினவுவர். அவ்வினாவைப் புறந்தள்ளுதல் இயலாது; படிப்பவர் நெஞ்சில் அக்காட்சி முள்ளாய்த் தைக்கவே செய்கின்றது. ஆயினும் அவன் தண்டிக்கப்பட்டது அறிவுக் குறைவுக்காக அன்று என்பதை நூலைக் கூர்ந்து நோக்குவோர் உணர்வர். வழியில் இருமுறை அவனுடன் உரையாடிப் பிழையைச் சுட்டினர், அவன் ஏற்கவில்லை. கதையில் மனந்திரும்பத் தேவையே இல்லாதவன் என்று தன்னை எண்ணியவன் அவன். ஒழுக்கத்தை நம்பிப் புகழில் மகிழ்ந்த இளம் பன்யனின் நிழலே அவன் எனக் கொள்ளின், அக்கொடுமை ஆசிரியர் தமக்கே விதித்த தீர்ப்பு என்பது புலனாகும்.

அன்றியும், முதற்பகுதியின் கடுமையை இரண்டாம் பகுதி கனிவால் நிறைவு செய்கின்றது. அங்கே அச்சமே உருவான ஒரு முதியவர் வருகிறார். அவநம்பிக்கைச் சேற்றருகே ஒரு திங்களுக்கு மேல் கிடந்தவர்; வாயிலை அடைந்தும் தட்டத் துணியாமல் பிறருக்கு வழிவிட்டு நின்றவர். சிங்கங்களுக்கு அவர் அஞ்சவில்லை. மாயச் சந்தையில் எல்லாரோடும் போரிடவும் துணிந்தார். இறுதியில் தாம் ஏற்றுக்கொள்ளப்படுவோமா என்பது ஒன்றே அவர் அச்சம். அவர் ஆற்றைக் கடந்த நாளில் நீர் என்றுமில்லாத அளவு வற்றியிருந்ததாம். பாதம் நனையும் அளவிலேயே அவர் கடந்து சென்றார். துணிந்தவன் வாயிலில் வீழ, அஞ்சியவர் வாயிலுள் புகுகிறார். இவ்விரு காட்சிகளையும் இணைத்துப் பயிலாதார் பன்யனை முழுமையாய்ப் பயின்றவராகார்.

தமிழில் ஆத்தும விசாரி

இக்கதை தமிழில் காப்பியமாய் மலர்ந்தது. நெல்லைச் சீமையில் வைணவ வேளாளர் குடியில் 1827-இல் பிறந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, பன்யன் நூலைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். நூல் 1894-இல் வெளிவந்தது. கதைத்தலைவனுக்கு அவர் சூட்டிய 'ஆத்தும விசாரி' என்னும் பெயர் தனி ஆய்வுக்கு உரியது. விசாரம் என்னும் சொல் ஆராய்ச்சியையும் குறிக்கும், கவலையையும் குறிக்கும். தன் ஆன்மாவை ஆராய்பவனும் அதற்காக வருந்துபவனும் ஒரு சொல்லுக்குள் அடங்கினர். மனந்திரும்புதலில் அறிவும் துயரும் பிரிக்க முடியாதவை என்பதை அப்பெயரே உணர்த்துகின்றது.

மேலும், பன்யன் சுருங்கக் கூறிய கிறிஸ்துவின் பாடுகளைக் கிருஷ்ணபிள்ளை விரித்துப் பாடினார். இடையிடையே தேவாரம் என்னும் பெயரால் உருக்கமிகு துதிப்பாடல்களையும் அமைத்தார். பன்யன் வழியில் செல்வோர் தம் நெஞ்சையே ஓயாது துருவிச் சோர்வதற்கு இடமுண்டு. ஆழ்வார் பாசுர மரபில் ஊறிய தமிழ்ப்புலவர், அந்நோக்கைத் தன்னிடமிருந்து தலைவன்பால் திருப்புகிறார். மீட்பின் உறுதி ஆராய்ச்சியில் தொடங்கினும் துதியில்தான் நிறைவுறும் என்பது அவர் காப்பியம் தரும் விளக்கம்.

முடிவுரை

மெய்விசுவாசத்தின் அடையாளம் ஐயமின்மை அன்று. தவறியபோது தேடித் திரும்பும் உள்ளமே அதன் அடையாளம். சுருளை ஒருபோதும் இழந்ததில்லை என்று எண்ணிய அறியாமையின் மடி வெறுமையாய் இருந்தது; இழந்து, அழுது, தேடி எடுத்தவனே அதனை வாயிலில் நீட்டினான். பன்யன் கதையைப் பயில்வோரும் பயிற்றுவிப்போரும் மலைப்பாதையில் கண்ணீரோடு குனிந்து தேடும் அந்த யாத்திரிகனை மறத்தல் ஆகாது. அவன் பின்னோக்கி வைத்த அடிகளும் வானகரை நோக்கிய அடிகளே.