முதலாளிக்கு மட்டும் தெரியாத சீனி

நுரைச்சோலையில் சீனி வருத்தம் ஒளித்து வைக்கிற நோயல்ல. கலியாண வீட்டில் "எனக்கு சீனி போடாம" என்று பிளேன்டீ கொண்டுவருபவரிடம் உரத்துச் சொல்வோர் ஒரு வரிசைக்கு நாலு பேராவது இருப்பார்கள். கற்பிட்டி பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் போன மாதம் எவ்வளவு ஏறியிருந்தது, எந்தக் குளிசையை மாற்றினார்கள் என்பதெல்லாம் தாராளமாகப் பேசப்படும். அதே மனிதர் வேலைத்தலத்தின் கேட்டைத் தாண்டியதும் வாயை மூடிக்கொள்கிறார். இதைப் பொறுப்பில்லாத்தனம் என்கிறவர்கள் உண்டு. பிழைக்கத் தெரிந்த புத்தி என்கிறவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் விஷயத்தைப் பாதியில் விட்டுவிடுவதாகவே எனக்குப் படுகிறது.

முதலில் இந்த மௌனத்தின் அளவைப் பார்க்க வேண்டும். இலங்கையில் 2018, 2019 ஆண்டுகளில் இரத்தப் பரிசோதனையோடு நடந்த தேசிய ஆய்வு, வளர்ந்தவர்களில் 23 சதவீதமானோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இன்னுமொரு 30 சதவீதம் அதன் வாசலில் நிற்கிறது. வேலை செய்கிற வயதில் இந்த விகிதம் சற்றுக் குறையலாம். அப்படியிருந்தும், நூறு பேர் வேலை பார்க்கிற இடத்தில் ஒருவருமே "எனக்கு இருக்கிறது" என்று சொல்லவில்லையென்றால், அங்கே நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. பேச்சுத்தான் இல்லை.

பேச்சு அடியோடு இல்லை என்பதும் சரியல்ல. இங்கே நடைமுறையில் இருப்பது ஒரு நடுவழி: அலுவலகத்துக்குச் சொல்வதில்லை, பக்கத்தில் நிற்கிறவருக்குச் சொல்லி வைப்பது. "நானா, எனக்கு சீனி இருக்கு. கை நடுங்கினா இந்தப் பொக்கட்டில டொபி கிடக்கு, எடுத்து வாயில வைங்க." இவ்வளவுதான். கடிதம் இல்லை, கையெழுத்து இல்லை.

படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். மருத்துவக் கணக்கில் இது மோசமான ஏற்பாடல்ல. வேலைத்தலத்தில் நீரிழிவுக்காரரை உடனடியாக வீழ்த்துவது கூடிய சீனியைவிடக் குறைந்த சீனிதான். இரத்தத்தில் அது ஒரு டெசிலீட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். இன்னும் இறங்கினால் பேச்சு குழறி, கேட்டதற்கு வேறு பதில் வரும். அந்த நேரத்தில் தேவைப்படுவது 15 கிராம் அளவு குளுக்கோசோ சீனியோ. அதை வாயில் வைக்கப்போகிறவர் பக்கத்து ஆள். கொழும்பில் இருக்கிற மனிதவள முகாமையாளர் அல்ல. நோயாளி தானே உணர்ந்து எடுத்துக்கொள்வார் என்று நம்பியிருக்கவும் முடியாது. இந்த ஊரிலுள்ள லக்விஜய அனல் மின்நிலையம் போன்ற இடங்களில், கொதிகலன் பக்கத்து வெக்கையில் எல்லோருமே வியர்த்துக்கொண்டுதான் நிற்பார்கள். சீனி இறங்கியதால் வந்த வியர்வையை அந்த வியர்வையிலிருந்து யார் பிரித்துப் பார்ப்பது? பழகிய கண்ணுள்ள ஒருவர் பக்கத்தில் இருப்பது பெரிய காவல்.

அந்தக் காவல் ஒரே ஆளில் தொங்குகிறது என்பதுதான் குறை. மூன்று ஷிப்டு ஓடுகிற இடத்தில் அடுத்த வாரம் அவர் பகலுக்குப் போவார், இவர் இரவுக்கு வருவார். மேன்பவர் நிறுவனம் அனுப்பும் ஆட்கள் மாதத்துக்கு மாதம் மாறுவார்கள். விஷயம் தெரியாத ஒரு சுப்பர்வைசர், நாக்குக் குழறி தள்ளாடி நிற்பவரைப் பார்த்தால் அவருக்கு முதலில் தோன்றுவது என்ன? குடித்திருக்கிறான் என்பதுதான். முஸ்லிம்கள் நிறைந்த இந்த ஊரில் அந்தப் பேர் வேலையோடு முடியாது, பள்ளிவாசல்வரை போகும். நோயை மறைத்தவர் அதைவிடப் பெரிய பழியைச் சுமக்க நேரிடும்.

சொல்லியே ஆக வேண்டும் என்று எல்லோரையும் ஒரே தட்டில் வைப்பதும் பிழை. மெட்ஃபோமின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கணக்குப் பார்க்கும், கடையில் நிற்கும் அப்படியான ஒருவர் தன் நோயை முதலாளியிடம் ஏன் சொல்ல வேண்டும்? ஒரு காரணமும் இல்லை. கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற குளிசைகள் எடுப்பவருக்கும் இன்சுலின் போடுபவருக்கும் கதை வேறு. சாப்பாடு பிந்தினால் சீனி விழும். அவர் கிரேன் ஓட்டுகிறாரா, உயரத்தில் ஏறுகிறாரா, பாரவண்டி ஓட்டுகிறாரா என்பது அடுத்த கேள்வி. நோயின் பெயரை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. குளிசையையும் வேலையையும் சேர்த்துப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். கடலில் இது இன்னும் துலக்கம். இராத்திரி வலைக்குப் போகிற படகில் இருக்கிறவர்களுக்குச் சொல்லாமல் இன்சுலின்காரர் ஏறுவது தற்கொலைக்குச் சமம். கடலட்டைக்குச் சுழியோடப் போகிறவருக்கு அதைவிட. அங்கே சொல்ல வேண்டியது படகுக்காரரான சம்மாட்டிக்கா, கூடப் போகிறவருக்கா என்றால், கூடப் போகிறவருக்குத்தான் முதலில்.

மௌனத்திலும் இரண்டு வகை உண்டு. கேட்காதபோது சொல்லாமல் இருப்பது ஒன்று. வேலைக்குச் சேரும் படிவத்தில் "நாட்பட்ட நோய் உண்டா" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைப்பது வேறொன்று. எங்கள் ஆட்கள் இரண்டாவதையும் முதலாவதைப்போல் இலேசாகச் செய்கிறார்கள். சட்டத்தில் இதற்கு விலை அதிகம். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். நோய் ஒழுக்காற்றுக் குற்றமல்ல. ஆகவே நோயாளிக்கு அந்தச் சட்டம் ஓரளவு நிழல் தருகிறது. பொய்யாகக் கையெழுத்து வைத்தது வெளியே வந்தால், "நோய்க்காக அல்ல, பொய் சொன்னதற்காக நிறுத்துகிறேன்" என்று முதலாளி சொல்ல வழி கிடைக்கிறது. இருந்த கொஞ்ச நிழலையும் ஆள் தானே வெட்டிக்கொள்கிறார்.

அப்படியானால் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் பாதுகாப்பா? அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஸ்டீபன் ஓர் என்ற மருந்தாளர் அப்படித்தான் செய்தார். 1998இல் வால்மார்ட்டில் சேருமுன்னரே, தனக்கு நீரிழிவு, பகல் சாப்பாட்டுக்கு இடைவேளை வேண்டும் என்று சொன்னார். ஒப்புக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் இடைவேளை பறிபோனது, சீனி இறங்கியது, மறுபடி இடைவேளை எடுத்தவருக்கு வேலையும் போனது. 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஊசியாலும் உணவாலும் கட்டுப்பாட்டில் உள்ள நோய் இயலாமை ஆகாது என்று அவருடைய வழக்கை ஏற்க மறுத்தது. அந்த மாதிரி வியாக்கியானங்களைத் திருத்தவே 2008இல் அங்கே சட்டம் மாற்றப்பட்டது. வாயால் வாங்கிய வாக்குறுதி நிலைக்காது என்பதை இந்த வழக்கைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், வேலை தருவதாகச் சொல்லுமுன் உடல்நலம் பற்றிக் கேட்பதையே பெரும்பாலும் தடுக்கிறது. நம் நாட்டில் தனியார் முதலாளியை அப்படித் தடுக்கும் ஏற்பாடு இல்லை. உடல்நலத் தகவலைத் தனிவகைத் தரவாக மதிக்கும் 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அமுலுக்கு வருவதுதான் தள்ளிக்கொண்டே போனது.

பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் வாஸிம் அக்ரமுக்கு 1997இல் நீரிழிவு கண்டார்கள், அதற்குப் பிறகும் 2003 உலகக் கிண்ணம்வரை பந்து வீசினார் என்று தைரியம் சொல்கிறவர்கள் உண்டு. நல்ல கதைதான். அணிக்கு அவர் இல்லாமல் முடியாது. நாள் சம்பளக்காரருக்குப் பதிலாக நாளைக் காலையில் இன்னொருவர் கேட்டில் நிற்பார்.

இங்கே ரகசியம் முழுக்க ஆளின் கையிலும் இல்லை. அரச ஆஸ்பத்திரி கிளினிக் மாதம் ஒருமுறை, குறித்த கிழமையில். வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுத்து, வரிசையில் நின்று, கொப்பியில் எழுதி வாங்கி, மருந்து எடுக்கப் பகலாகிவிடும். மாதாமாதம் அதே கிழமையில் லீவு கேட்கிறவருக்கு என்ன வருத்தம் என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டாம். நோன்பு மாதம் இன்னும் கடினம். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. இன்சுலின் போடுபவர்கள் பலரை வைத்தியரும் நோன்பு பிடிக்க வேண்டாம் என்கிறார். பகலில் ஒரு மிடறு தண்ணீர் குடித்தாலே எல்லோருக்கும் தெரிந்துவிடும் இடத்தில், அந்தச் சலுகையைப் பயன்படுத்துவதே நோயை அறிவிப்பதாகிறது. அதற்குப் பயந்து ஷிப்டிலும் நோன்பு பிடித்து, குளிசையையும் வழக்கம்போல விழுங்கி, அஸருக்குப் பிறகு கண் இருட்டி உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். மறைப்பதன் மிக ஆபத்தான முகம் இதுதான் என்பேன்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களின் பாடு தனி. அங்கே சொல்வதா என்ற கேள்விக்கே இடமில்லை. மெடிக்கலில் இரத்தம் சொல்லிவிடும். மெடிக்கலுக்கு முன் இரண்டு வாரம் சோற்றைக் குறைத்து, குளிசையைக் கூட்டி அளவை இறக்கி, பாஸாகி, அங்கே போய்ப் பழைய நிலைக்கே திரும்புவதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மருந்துக் கணக்கும் கிளினிக் கொப்பியின் பிரதியும் இல்லாமல் விமானம் ஏறுவது மடத்தனம்.

என் தீர்ப்பு இது. கேட்காத இடத்தில் நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. கேட்ட இடத்தில் பொய்க்குக் கையெழுத்து வைக்கக் கூடாது. சீனியை இறக்கக்கூடிய மருந்து எடுப்பவர், வேலை உறுதியான பிறகு, தனக்கு வேண்டியதை மட்டும் எழுத்தில் கேட்கலாம்: இத்தனை மணிக்கு ஒரு தடவை பத்து நிமிடம், மாதத்தில் ஒரு காலை. வைத்தியரின் துண்டு இணைத்தால் போதும். பக்கத்து ஆளுக்குச் சொல்லும் பழக்கம் தொடரட்டும், ஒருவருக்குப் பதில் இரண்டு மூன்று பேருக்கு. நாள் சம்பளக்காரருக்கு இதுகூடச் சொல்ல எனக்குத் துணிவில்லை. 180 நாள் நிரம்பாதவருக்குச் சட்டம் கைகொடுக்காது.

அவருக்காக மாற வேண்டியது வேலைத்தலம். ஒவ்வொருவரிடமும் நோயைக் கேட்டறிந்து சலுகை தருவதைவிட, எல்லோருக்கும் பொதுவாக இடைவேளை வைத்து, தண்ணீர்க் குடத்தருகே ஒரு போத்தல் சீனியும் வைப்பது சுலபம். முடியாது என்று எந்த முதலாளியும் சொல்ல இயலாது. நோன்பு மாதத்தில் மஃரிப் பாங்கு கேட்டதும் இதே இடங்களில் வேலையை நிறுத்தி, யாரிடமும் காரணம் கேட்காமல், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார்கள். அதற்காக உற்பத்தி நின்றுபோனதென்று யாரும் கணக்குக் காட்டியதில்லை.