ஆவாரம்பூ என்றால் எனக்கு உயிர்

மார்கழி மாதம் காங்கேயம் பக்கம் போயிருக்கிறீர்களா? காய்ந்த கொறங்காடு என்னும் மேய்ச்சல் காடு, கிளுவை வேலி, அதையொட்டி மஞ்சளாய்ச் சொரிந்து நிற்கும் ஆவாரை. இதற்கு ஈடான மஞ்சளை எந்தப் பூங்காவிலும் நான் கண்டதில்லை. தண்ணீர் விட ஆளில்லை, உரமில்லை, ஆடு மாடும் அவ்வளவாகக் கடிப்பதில்லை. அந்தச் செம்மண்ணில் இத்தனை பூவை எங்கிருந்துதான் எடுக்கிறதோ!

வெயில் ஏறும் முன் செடியருகே நின்று காதைத் தீட்டிக் கேளுங்கள். ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான் உண்டு. அதுவும் மகரந்தப்பையின் நுனியிலுள்ள சிறு துளை வழியேதான் வெளிவரும். பெரிய கருவண்டு வந்து பூவைக் கால்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உடம்பை மட்டும் அதிரவைக்கும். 'ங்ஙூம்' என்று ஒரு ரீங்காரம். மகரந்தம் வண்டின் வயிற்றில் கொட்டும். நம் தோட்டத்துத் தேனீக்கு இந்த வித்தை வராது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களில் ஆவிரை என்ற பெயரில் இதுவும் ஒன்று. இன்று தெலங்கானாவின் மாநில மலரும் இதுதான். எங்கள் கொங்குப் பகுதியில் பொங்கலுக்கு முந்தின நாள் வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவையும் சேர்த்து வீட்டிலும் தொழுவத்திலும் காட்டிலும் காப்புக் கட்டுவோம். இந்தப் பூ இல்லாத காப்பு எனக்குக் காப்பாகவே தெரியாது.

பட்டையில் துவர்ப்பு மிகுதி. வெளிநாட்டிலிருந்து வாட்டில் என்னும் மரத்தின் பட்டை வந்து இறங்கும்வரை தென்னாட்டுத் தோல் பதனிடும் தொட்டிகளில் ஊறியது ஆவாரம்பட்டைதான். தழையை வயலில் மிதித்து உரமாக்குவார்கள். சித்த மருத்துவத்தில் இலை, பூ, விதை, பட்டை, வேர் எல்லாமே மருந்து. உலர்ந்த பூவைக் கொதிக்கவிட்டுக் குடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். இலங்கையில் இதே பானத்துக்கு ரணவரா என்று பெயர். சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு குடியுங்கள். பாசிப்பருப்போடு புதுப் பூவைப் போட்டுச் செய்யும் கூட்டு இருக்கிறதே, அதன் இளந்துவர்ப்புக்கு நான் அடிமை. பயத்தமாவில் பூவைப் பொடித்துச் சேர்த்துக் குளித்தால் தோல் பட்டுப்போல இருக்கும்.

வளர்ப்பது சுலபம். தட்டைக் காய் முற்றிப் பழுப்பானதும் விதையெடுங்கள். தோல் கெட்டியானது, கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு ஓர் இரவு ஊறவிட்டால் முளைப்பு நன்றாக இருக்கும். மழைக்கு முன் விதையுங்கள். வெயில் நேரே விழவேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது. வேர் பிடித்துவிட்டால் அப்புறம் அதன் பாட்டில் வளரும். பூத்து ஓய்ந்ததும் கவாத்து செய்தால் அடுத்த முறை கிளை அடர்ந்து பூக்கும்.

வாசலில் கைப்பிடி மண் இருந்தாலும் போதும், ஐப்பசி மழைக்கு முன் நாலு விதை ஊன்றிவிடுங்கள்.