இயந்திரத்தின் யதார்த்தம்

யதார்த்தம் என்ற சொல்லை நம்மவர் கண்டபடி கையாண்டு தேய்த்துவிட்டனர். உயர்தர வகுப்பிலே ஒருநாள் அச்சொல்லுக்கு நாம் விளக்கம் கூறிக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், நீங்கள் சொல்லும் நாவல்களைவிட நான் வீட்டில் ஓட்டும் விமானம் யதார்த்தமானது” என்றான். வகுப்புச் சிரித்தது, நமக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் குறிப்பிட்டது, கணினியிலே போர்விமானம் ஓட்டப் பழகும் ‘டிஜிற்றல் கொம்பற் சிமியுலேற்றர்’ என்ற பாவனை விளையாட்டு. படைப்பைப் பாராமல் தீர்ப்புரைப்பது விமர்சகனுக்கு அழகன்று. ஆகவே விடுமுறைக் காலத்தில் நாமும் மாணவனாகி அதனைக் கற்கத் தலைப்பட்டோம்.

இதனை ஆக்கிய ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனம் 1991ஆம் ஆண்டு மொஸ்கோவிலே தோன்றியது. புதியவருக்கு இரண்டு விமானங்களை அது இலவசமாகத் தருகிறது. ஒன்று, ஆயுதமற்ற ரி.எவ்.-51 மஸ்ராங், மற்றையது, சோவியத் பொறியியலின் வழிவந்த சு-25ரி என்னும் தரைத்தாக்கு விமானம். ஏனையவற்றுக்குக் கேட்கும் டொலர் விலையைப்பற்றி எழுதப் புகுந்தால் கட்டுரை வேறொன்றாகிவிடும். சுக்கான் மிதிகள் வாங்க ஆசிரியச் சம்பளம் இடங்கொடாமையால், முறுக்கித் திருப்பக்கூடிய பழைய ஜோய்ஸ்ரிக் ஒன்றோடு மஸ்ராங்கில் ஏறினோம்.

முதல்நாள் நாம் வானத்தையே காணவில்லை. வாற்சக்கரத்தில் நிற்கும் விமானமாதலால் மூக்கு நிமிர்ந்து பாதையை மறைக்கிறது. வளைந்து வளைந்து ஓட்டி, பக்கவாட்டிலே எட்டிப்பார்த்துத்தான் ஓடுபாதைக்கு வரவேண்டும். வந்துசேர்ந்து விசையை ஒரேயடியாகத் தள்ளினோம். விமானம் இடப்புறம் திரும்பிப் புல்லிலே பாய்ந்து இறக்கையை ஒடித்துக்கொண்டது. பதினொரு தடவை இவ்வாறே நிகழ்ந்தது. பின்னர்தான் காரணம் விளங்கிற்று. முன்விசிறியின் சுழற்சியும், அது பின்னே சுழற்றியெறியும் காற்று வாற்பகுதியில் மோதுவதும் சேர்ந்து மூக்கை இடப்பக்கம் இழுக்கின்றன. விசையைச் சிறிது சிறிதாகக் கூட்டி, எஞ்சின் அழுத்தம் 61 அங்குலத்தையும் சுழற்சி நிமிடத்துக்கு 3000ஐயும் எட்டும்வரை வலச்சுக்கானைக் கொடுத்துக்கொண்டே போகவேண்டும். இறங்குவதோ இன்னும் கடினம். வேகம் குறைந்து விமானம் தாழும்போது மூக்கை உயர்த்தவே கை விரும்புகிறது. உயர்த்தினால் வேகம் மேலும் குறைந்து இறக்கை தாங்குவதையே விட்டுவிடும், தாழ்த்தினாலன்றிப் பிழைப்பில்லை. அறிவு இதனை ஒப்புக்கொண்ட பின்னரும் பயந்த கை ஒருவார காலம் ஒப்புக்கொள்ளவில்லை.

இவ்விடத்தில் இப்படைப்பைப் பாராட்டாதிருத்தல் நேர்மையாகாது. புதியவன் என்று அது சலுகை காட்டவில்லை. புள்ளியிட்டு முதுகைத் தட்டவுமில்லை. எந்த ஆளியை எப்போது போடுவது என்ற பட்டியலை மனனம் செய்து பயனில்லை. ஏன் என்பது விளங்கினால்தான் விமானம் எழும்புகிறது. வினாத்தாளுக்காகவே பாடம் நடத்திப் பழகிய நமக்கு இது சற்று வெட்கத்தையும் தந்தது.

இத்தகைய கருவிகளின் வரலாறும் கவனிக்கத்தக்கது. 1929ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய எட்வின் லிங்க், தந்தையாரின் ஓர்கன் தொழிற்சாலையில் பழகிய காற்றுத்துருத்திகளைக் கொண்டே பயிற்சி விமானப் பெட்டியொன்றைச் செய்தார். ஆரம்பத்தில் அதனைக் கேளிக்கைப் பூங்காக்களே பெரிதும் வாங்கின. 1934இல் தபால் சுமந்த இராணுவ விமானிகள் கெட்ட காலநிலையிற் சிக்கி மாண்ட பின்னரே அமெரிக்க இராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் அவை ஆயிரக்கணக்கில் பெருகின. நாம் பேசும் பாவனையின் ஏ-10சீ விமானமும் அமெரிக்க வான் தேசியக் காவற்படைக்கென ஆக்கப்பட்ட பயிற்சி மென்பொருளிலிருந்தே 2011இல் பொதுமக்கள் விளையாட்டாயிற்று. கேளிக்கையும் படைப்பயிற்சியும் இவ்வாறு மாறிமாறி ஒன்றையொன்று வளர்த்தே வந்திருக்கின்றன.

அடுத்து சு-25ரியில் ஏறினோம். களம் ஜோர்ஜியா நாடு. இவ்வின விமானங்கள் அந்நாட்டின் திபிலிசியிலேயே செய்யப்பட்டவை. 2008 ஆகஸ்ட் போரில் இருதரப்பும் அவற்றையே பறக்கவிட்டன. விமானி அறையிலுள்ள சிறு தொலைக்காட்சித் திரையிலே கிராமமொன்றின் ஓரத்தில் நின்ற லொறி தெரிந்தது. ‘விஹர்’ ஏவுகணை லேசர்க் கதிரைப் பற்றிச் செல்வது. போய்ப் படும்வரை இலக்கின்மீது குறி அசையாதிருக்க வேண்டும். அசையவில்லை. லொறி எரிந்தது. பக்கத்து வீடுகளிலிருந்து எவரும் ஓடிவரவில்லை. அவ்வீடுகளுள் எவரும் இல்லை. கூரைக்கு நிறம் உண்டு, மரத்துக்கு நிழல் உண்டு, வீதியில் ஊர்திகளைக்கூட ஓடவிடலாம். குடியிருப்போர் மட்டும் இல்லை.

சிறுவயதிலே வன்னியில் ‘கிபிர்’ என்ற கூக்குரல் கேட்டதும் பங்கருக்குள் பாய்ந்தவர்கள் நாம். அந்த ஈரமண்ணின் வாடை, ஏவுகணை போய்க்கொண்டிருந்த அச்சில விநாடிகளில் மூக்கில் ஏறிற்று. திரையில் அதற்கு இடமில்லை.

பத்துக் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து மெய்யான விமானிக்கும் மனிதர் தெரியார். ஆகவே இது விமானியின் யதார்த்தம் என ஒருவர் வாதிடலாம். வலுவான வாதந்தான். எனினும் பறப்பு முடிந்ததும் இப்பாவனை ஒரு பட்டியல் தருகிறது: புறப்பட்டது, ஏவியது, பட்டது, அழிந்தது என ஒவ்வொன்றும் நேரத்தோடு. விமானி காணாததை அப்பட்டியல் காண்கிறது. கண்டும், லொறியைப்பற்றியே பேசுகிறது. அடுப்படியின் சட்டி பானைகளை ஒன்றுவிடாமல் வருணித்துவிட்டு, அங்கே பசித்திருப்பவளைக் காணத்தவறும் எழுத்தை இயற்பண்புவாதம் என்று நாம் தள்ளுகிறோம். இங்கே வருணனை அதனினும் நுட்பமானது, தவறு அதேதான். ஒரு ஆணியின் துருவைக்கூட வரையத் தெரிந்தவர்களுக்கு ஒரு பெண்ணை வாசலில் நிறுத்தத் தெரியாமலில்லை. நிறுத்த விரும்பவில்லை.

இதனை அம்மாணவனிடம் சொன்னோம். “ஆட்களைப் போட்டால் ஆர் சேர் விளையாடுவினம்?” என்றான். கேள்வி நியாயமானது, ஆனால் விடை உண்டு. 2014இல் வார்சோ நகரத்தார் சிலர் ‘திஸ் வோர் ஒவ் மைன்’ என்றொரு விளையாட்டை ஆக்கினர். சரயேவோ முற்றுகையை நினைவில் வைத்து ஆக்கப்பட்ட அதிலே நாம் போராளியல்லர்; முற்றுகைக்குள் உணவும் மருந்தும் தேடும் குடிமக்கள். பலர் விளையாடினர். 2020இல் போலந்து அரசு பாடசாலை மாணவருக்கான பரிந்துரைப் பட்டியலிலும் அதனைச் சேர்த்தது. இரண்டையும் அருகருகே வைத்து வரும் தவணையில் தமிழ் மன்றத்திலே விவாதிக்க இருக்கிறோம். சு-25ரியின் பக்கம் பேச அவனே பெயர் கொடுத்திருக்கிறான்.