கண்ணாடிப் படிக்கட்டில் ஒரு தாவல்

கோகோ ஷனேலைப் பற்றிய படங்கள் என்று பேச்சு வந்தாலே, ஆன் ஃபோந்தேன் 2009-இல் இயக்கிய 'ஷனேலுக்கு முன் கோகோ'வை உச்சியில் வைக்க ஒரு கூட்டம் உண்டு. நாஜிகள் பிடித்துவைத்திருந்த பாரிஸில் ஷனேல் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை 2024-இல் 'தி நியூ லுக்' தொடர் காட்டிவிட்ட பிறகும் அவர்கள் அசைந்துகொடுப்பதில்லை. அவர்கள் வாதம் இதுதான்: படம் தலைப்பிலேயே தன் எல்லையைச் சொல்லிவிட்டது, 'முன்' நடந்ததைச் சொல்ல வந்தவரிடம் 'பின்' நடந்தது எங்கே என்று கேட்பது அழிவழக்கு.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. படத்தில் நல்ல பகுதிகள் இருப்பதையும் மறுக்க முடியாது. ஓத்ரே தோத்துவின் முகத்தில் 'அமேலி'யின் குறும்பு துளியும் இல்லை; யாரிடமும் நன்றி சொல்லப் பிடிக்காத ஒருத்தியின் இறுக்கம் இருக்கிறது. அவளை வைத்துக்கொண்டிருக்கும் பணக்காரன் பல்ஸானாக பெனுவா பூல்வோர்த், கோமாளித்தனத்துக்கும் பரிதாபத்துக்கும் நடுவே அழகாக நடக்கிறார். தோவில் கடற்கரையில் வலை இழுக்கும் மீனவர்களின் கோடு போட்ட பனியனை அவள் பார்த்துக்கொண்டே போகிறாள். ஒரு வசனமும் இல்லை. அந்த அடக்கம் படம் முழுக்க இருந்திருக்கலாம்.

ஆனால் எல்லையை மீறுவது நாமல்ல, படமே. 1919-இல் காதலன் பாய் கேப்பல் கார் விபத்தில் சாகிறான். கதை அங்கே முடிந்திருந்தால் தலைப்புக்கு உண்மையாக இருந்திருக்கும். முடியவில்லை. சில நிமிடங்களில் பாரிஸின் ரூ காம்போன் வீதியில், 31-ஆம் எண் கட்டடத்தின் புகழ்பெற்ற கண்ணாடிப் படிக்கட்டில் ஷனேல் உட்கார்ந்திருக்கிறார். பல பத்தாண்டுகளின் உடைகளை அணிந்த பெண்கள் அவரைக் கடந்து இறங்குகிறார்கள். கைதட்டல் எழுகிறது. அந்த உடைகள் ஷனேல் நிறுவனத்தின் காப்பகம் கொடுத்தவை. 'முன்' என்று சத்தியம் செய்த படம், 'பின்' வந்த புகழை மட்டும் தூக்கிக்கொண்டு, நடுவில் கிடந்த அத்தனை வருடங்களையும் ஒரே தாவலில் தாண்டிவிடுகிறது.

தாண்டியது எதை? முதலில், 1919-க்கு முன்பிருந்தே படம் தாண்டத் தொடங்கிவிட்ட வேலையை. முதல் உலகப்போர்க் காலத்தில் துணித் தட்டுப்பாடு வந்தபோது, ஆண்களின் உள்ளாடைக்கு ஆகும் மலிவான ஜெர்சித் துணியைத் துணி உற்பத்தியாளர் ரோதியேவிடம் வாங்கி, அதில் பெண்களுக்கு மேலுடை தைத்தார் ஷனேல். 1915-இல் பியாரிட்ஸில் கடை திறந்தார். போரும் பஞ்சமும் வியாபார புத்தியும் தையல்காரப் பெண்களின் கைகளும் சேர்ந்து உருவாக்கியதுதான் நாம் 'ஷனேல் பாணி' என்கிற எளிமை. படத்திலோ அந்த எளிமை, ஒரு ஆணின் சட்டையை எடுத்து மாட்டிக்கொள்வதிலும் அவன் காதலிலும் பிறந்துவிடுகிறது. அந்தத் தையல்காரப் பெண்கள் 1936-இல் வேலைநிறுத்தம் செய்து முதலாளியையே வாசலில் நிறுத்தினார்கள். 1939-இல் போர் மூண்டதும் அவர் தையல்கூடங்களை மூடி அவர்களை வீட்டுக்கு அனுப்பினார். வாசனைத் திரவியக் கடை மட்டும் திறந்திருந்தது.

அடுத்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நாஜி ஆக்கிரமிப்புக் காலத்து ரிட்ஸ் ஹோட்டல் வாசம், ஜெர்மானிய உளவதிகாரி டிங்க்லாகேயின் உறவு. இவற்றைவிட என்னை உறுத்துவது ஒரு கணக்கு விவகாரம். 1924-இல் தொடங்கிய வாசனைத் திரவிய கம்பெனியில் யூதக் குடும்பமான வெர்தைமர்களுக்கு 70 சதவீதம், ஷனேலுக்கு 10. ஏமாந்துவிட்டோம் என்ற ஆத்திரம் அவருக்குத் தீரவே இல்லை. யூதர்களின் சொத்தைப் பறிக்கும் சட்டம் வந்ததும், 1941-இல் அதைக் காட்டிக் கம்பெனியைத் தனக்குத் தரும்படி அதிகாரிகளுக்கு எழுதினார். வெர்தைமர்கள் முந்திக்கொண்டு பங்குகளை யூதரல்லாத ஒருவர் பேருக்கு மாற்றியிருந்ததால் அது பலிக்கவில்லை. 1954-இல், எழுபது வயதில், அவர் மறுபடி கடை திறந்தபோது பணம் போட்டவர் அதே குடும்பத்துப் பியேர் வெர்தைமர். திரைக்கதை எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஃபோந்தேன் தாண்டிப்போன பள்ளத்தில்தான் உண்மையான படம் கிடக்கிறது.

எல்லாவற்றையும் இரண்டு மணி நேரத்தில் அடைக்க முடியுமா என்பார்கள். அடைக்கச் சொல்லவில்லை. படிக்கட்டை விட்டிருக்கலாம். அதை ஏன் விட முடியவில்லை என்பதற்கு என் பதில் கொஞ்சம் கசப்பானது: காப்பகத்தைத் திறந்துவிட்ட வீட்டில் விருந்து உண்டபின் குறை சொல்ல வாய் வராது. அதே 2009-இல் தோத்து 'ஷனேல் நம்பர் 5' விளம்பரத்தின் முகமாகவும் வந்தார். படம் எங்கே முடிந்து விளம்பரம் எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்வது எனக்குச் சிரமமாக இருக்கிறது.

இது பொறாமைப் பேச்சு என்பவர்கள், 2014-இல் ஈவ் சான் லோரானைப் பற்றி வந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கட்டும். ஜலில் லெஸ்பேரின் படத்துக்கு, சான் லோரானின் துணைவரும் பங்காளியுமான பியேர் பெர்ஜேயின் ஆசியும் அசல் உடைகளும் கிடைத்தன; வந்தது கண்ணியமான ஒரு ஆல்பம். பெர்த்ரான் பொனெல்லோவுக்கு இரண்டும் கிடைக்கவில்லை. உடைகளைப் புதிதாகத் தைக்க வேண்டியிருந்தது. அவர் படத்தில்தான் தையல்கூடத்துப் பெண்கள் ஊசியும் கையுமாக இருக்கிறார்கள். பங்கு, உரிமம் என்று நீளும் வியாபாரப் பேச்சு இருக்கிறது. திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் ஃபேஷன் அணிவகுப்பும் மறுபக்கம் அந்த வருடங்களின் கலவரச் செய்திகளும் ஓடுகின்றன.

ஃபோந்தேனின் படம் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது ஒரே ஒரு பிரிவில், ஆடை வடிவமைப்பில். காதரின் லெத்தரியேயின் உழைப்புக்கு அது தகும். அதற்கு மேல் இந்தப் படத்துக்குக் கொடுக்க எதுவும் இல்லை.