எரிமலை என்னும் உவமை: ஒரு விமர்சன நோக்கு

நமது மேடைப் பேச்சுகளிலும் கவிதைகளிலும் மிகுதியாக எடுத்தாளப்படும் உவமைகளுள் எரிமலையும் ஒன்று. மக்களின் சினம் எரிமலையாகின்றது. அடக்கப்பட்டோரின் மௌனமும் எரிமலையாகின்றது. இறுதியில் யாவும் வெடிக்கின்றன. எவரும் எதிர்பாராத கணத்தில், எக்கட்டுக்கும் அடங்காது நிகழும் பேரழிவு என்பதே இவ்வுவமை உணர்த்தும் பொருளாகும். இப்பொருள் எரிமலைக்கும் சமூகத்துக்கும் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது ஈண்டு ஆராயப்படுகின்றது.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ வாழ்வோர் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை நன்கறிவர். அவற்றைக் காட்டி, நிலத்தடியில் எரிமலை உறங்குகின்றது என்று கூறுவாரும் உளர். புவிச்சரிதவியலாளர் இதனை ஏற்பதில்லை. மழைநீர் பாறைப் பிளவுகளினூடே ஆழத்துக்கு இறங்கி, புவியின் உள்வெப்பத்தால் சூடேறி மேலெழுகின்றது என்பதே அவர்தம் விளக்கம். இலங்கையில் இயங்கும் எரிமலை எதுவும் இல்லை. ஆதலின் எரிமலை நமது எழுத்தாளர்க்குக் கேள்வியறிவாகவே வாய்த்துள்ளது.

நமக்கு அண்மையில் இயங்கும் எரிமலை, வங்காள விரிகுடாவுக்கு அப்பால் அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவாகும். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அடங்கியிருந்த அது, 1991இல் மீண்டும் இயங்கத் தொடங்கியது. 2017 ஜனவரியில் இந்தியத் தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அதனைக் கப்பலிலிருந்து அவதானித்தனர். பகலில் சாம்பல் மேகம் மட்டுமே தெரிந்தது. பொழுது சாய்ந்த பின்னரே சரிவில் வழிந்திறங்கும் செங்குழம்பு புலப்பட்டது. புகை எவர் கண்ணிலும் படும். ஓட்டத்தைக் காண்பதற்கோ காத்திருத்தல் வேண்டும்.

ஹவாய்த் தீவின் கிலாவேயா எரிமலையை 1912 முதல் அவதான நிலையம் ஒன்று கண்காணித்து வருகின்றது. 2018இல் அங்கே குடியிருப்புகளின் நடுவே நிலம் பிளந்து குழம்பு வெளிப்பட்டது. அதற்கு முன்னரே சிறு நடுக்கங்கள் கிழக்கு நோக்கி நகர்வதைக் கருவிகள் பதிவு செய்திருந்தன. பின்னர் குழம்பின் முகப்பு எங்குள்ளது, என்ன விரைவில் நகர்கின்றது, எந்தத் தாழ்நிலத்தை நாடும் என்பன தொடர்ந்து வரைபடமாக்கப்பட்டன. 700க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. குழம்பினால் ஓர் உயிர்தானும் போகவில்லை. எல்லா எரிமலைகளும் இவ்வாறு முன்னுணர்த்துவதில்லை என்பதும் உண்மையே. 2021இல் கொங்கோவின் நைராகொங்கோ மிகச் சிறிய அறிகுறிகளோடு வெடித்து உயிர்களைப் பறித்தது. ஆயினும் அங்கும் கண்காணிப்புக்கான நிதி முன்னரே குறைந்திருந்தமை விவாதத்துக்குரியதாயிற்று.

இனி, நமது எழுத்துக்குத் திரும்புவோம். 1983 ஜூலை வன்செயல்களை எரிமலை வெடித்தது எனக் குறிப்பிடுவது, வாக்காளர் பட்டியல்களைக் கையிலேந்தி வீடு தேடிச் சென்ற கும்பல்களை மறைத்துவிடுகின்றது. பட்டியலோடு வருவதை இயற்கையின் சீற்றம் என்று எவ்வாறு கூறுவது? வெடிப்பு என்ற சொல், ஏவியவரையும் கவனியாதிருந்தவரையும் ஒருங்கே விடுவித்துவிடுகின்றது. பாதிக்கப்பட்டோர் பக்கம் நின்று எழுதுவோரே இச்சொல்லைக் கையாளும்போது, தாம் கேட்க வேண்டிய கணக்கைத் தாமே தள்ளுபடி செய்கின்றனர்.

உவமைக்கு விஞ்ஞானத் துல்லியம் வேண்டுமோ எனச் சிலர் வினவலாம். துல்லியம் வேண்டியதில்லை, ஆயின் பொருளைத் தெளிவிக்க வந்த உவமை அதனை மூடிவிடலாகாது. எரிமலையைப் பாட விழையும் கவிஞர் வெடிப்பை விடுத்து ஓட்டத்தைப் பாடுவாராக. அது எங்கே தொடங்கிற்று, எவ்வழியே வந்தது, இப்போது எவர் வாசலை நெருங்குகின்றது என்பனவற்றைச் சொல்லும் கவிதையே நமக்கு இன்று தேவைப்படுவது.